காயட்டும் அண்ணனும் படத்தின் முதுகும்

“...முகத்த யாரு வேணும்னாலும் பாப்பாக தம்பி. முதுக யாரு பாக்கா, சொல்லுங்க? அந்தக் கைய எடுங்க, நான் ஒண்ணும் களவாங்க வரல” என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தை ஒரு சாண் முன்னால் இழுத்து, அதன் பின்னால் தலையை நுழைத்தார் காயட்டும் அண்ணன்.

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த ஓவியக் கண்காட்சி அது. தடுக்க வந்த பையன் அதை நடத்துகிறவர்களில் ஒருவன். “இவுக உங்ககூட வந்தவுகளா?” என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அண்ணன் அடுத்து எந்தப் படத்துக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை வரைந்த தனம் சிஸ்டர், தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். இனிமேல் அவர் இருக்கப்போவது போடியிலா, கோயம்புத்தூரிலா என்பது, இந்த மனிதர் அடுத்துச் செய்யப்போகிற காரியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பூமியில் பிறந்த அத்தனை பேரிலும், ஓவியங்களின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்து ரசித்த ஒரே மனிதர் எங்கள் காயட்டும் அண்ணன்தான். யாராவது இன்னொருவர் இருப்பதாகச் சொன்னால், அவரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள். சோறு போட்டு அனுப்புகிறேன்.

போடியில் என் தையல் கடைக்கு அடுத்த கடை அவருடையது. ஆயில் பெயின்ட் ஓவியம் வரைகிறவர்களுக்குத் துணி தயார் செய்து கொடுப்பார். அவர் வரைய மாட்டார். வரைவதற்கு முன்னால் உள்ள வேலை மட்டும் அவருடையது. எண்ணெய்ச் சாயத்தை வெறுந்துணியில் பூசினால் எண்ணெய் துணியைத் தின்றுவிடும், கொஞ்ச வருசத்தில் மக்கி உதிர்ந்துவிடும். அதனால் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பசை பூசி, காய்ந்தபின் வெள்ளை பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி வெள்ளை பூசி, மறுபடி காயவைத்துத்தான் கையில் கொடுக்க வேண்டும். “ஆச்சாண்ணே?” என்று யார் வந்து நின்றாலும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். “காயட்டும்.”

அதுவே பெயராகிவிட்டது. அவருடைய கடை போர்டுக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தார். எழுத்து எழுதவில்லை. நான் அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் போர்டு வெறும் வெள்ளையாகவே இருக்கிறது. கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கச்சி மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். “தாய்மாமன் நீங்க சொல்லுங்க, பிடிச்சிருக்கா?” என்றார்கள். “காயட்டும்” என்றார். போன தேர்தலில் ஓட்டுப் போடப் போனவர், விரலில் வைத்த மை காய்கிறவரை மேசையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. “பெரியவரே, தள்ளி நின்னு காய வைங்க” என்றதற்கு, “நடந்தா காத்து ஒரு பக்கமா அடிக்கும் சார், திட்டுத் திட்டாக் காயும்” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

துணியைச் சட்டத்தில் இழுக்கும்போது அதோடு பேசுவார். நாலு பக்கமும் நடுவிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குப் போக வேண்டும் என்பது அவர் முறை. “இப்பிடி வா... ம்... கோவப்படாத. அங்கன என்ன சுருக்கம்? நான்தான் இங்கன இருக்கேன்ல, மெதுவா வா.” என் கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் சுவரில் காதை வைத்துவிடுவார்கள்.

“அண்ணன் யாரையோ இம்புட்டு நேரமா சமாதானம் பண்றாகளே, யாருக்கா உள்ள?”

“பருத்தித் துணி.”

“எங்க வீட்டுல இருக்கவுகளும் இருக்காகளே” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அளவு கொடுப்பார்கள்.

இழுத்துக் கட்டிய துணியை நடுவிரலால் தட்டிக் கேட்பார். ‘தொம்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் ஈரக்காற்று வந்துவிட்டது, பசை இளகித் துணி தொய்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஈரக்காற்று எங்கிருந்து வரும்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து. ஆகவே காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் கடை வாசலில் நிறுத்தி, “அண்ணே, மேல எப்பிடி?” என்பார்கள். அவர் தட்டுவார். தொம் என்றால் ஜீப் போகும். பொத் என்றால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போகும்.

ஒருநாள் ஒரு கல்யாண வேனுக்கும் தட்டிச் சொன்னார். தொம். தார்ப்பாய் இல்லாமல் கூரைமேல் சீர்வரிசையை ஏற்றிக்கொண்டு போனார்கள். மலையில் கொட்டிய மழையில் மெத்தை, தலையணை, மாப்பிள்ளையின் மாமன் எல்லாமே ஊறிவிட்டது. திரும்பி வந்து சண்டைக்கு நின்றார்கள். விசாரித்தால், அன்றைக்கு அண்ணன் தட்டியது யாரோ ஆன்லைனில் வாங்கி, பார்த்துச் சொல்லச் சொல்லிக் கொடுத்துப்போன ரெடிமேட் துணி. அதில் இந்தப் பசையே கிடையாது. மழையாவது, வெயிலாவது, அதற்கு எல்லாம் ஒன்றுதான். “அது துணியில்லங்க, அப்பளம்” என்று அதைத் தூக்கிக் காட்டினார். “அப்பளத்துக்கிட்ட நான் கேட்டது என் தப்புத்தான்.”

பசை என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் அது. எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது. வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கொதிக்க விடாமல் அதை உருக்க வேண்டும். ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, தெருவே அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் துணியைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார். பசை கொதித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த நாய்கள்கூட எழுந்து வந்து கடைக்கு முன்னால் கல்யாணப் பந்தியில் உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வந்தார்.

“ஏலே, வெள்ளிக்கெழமையும் அதுவுமா எலும்புக் குழம்பா வைக்க?”

“எலும்புதான் ஆத்தா. ஆனா குழம்பு எனக்கில்ல, துணிக்கு.”

“துணி எலும்புக் குழம்பு திங்கிதாடா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா, பைத்தியத்தோடு என்ன பேச்சு என்று திரும்பிப் போனார். அன்றைக்கு அண்ணனுக்கு மட்டும் கூழ் கிடைக்கவில்லை. நாய்கள் சாயங்காலம்வரை நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தன.

இன்னொரு வருசம் சாரல் விடவே இல்லை. எதுவும் காயவில்லை. தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவரைப் பிடித்து, மலைமேல் ஏலக்காய் உலர்த்துகிற அறையில், தட்டுகளுக்கு நடுவே தன் துணிகளையும் வைத்துவிட்டார். ஒரே ராத்திரியில் காய்ந்துவிட்டது. ஆனால் சூடு தாங்காமல் வெள்ளை முழுக்கக் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. கடை முழுக்கப் பாயசம் வைத்த வீடு மாதிரி மணம். அண்ணன் இழவு வீட்டில் உட்காருவதுபோலத் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் குமுளியிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“சேட்டா, இது மதி, போதும். நல்ல மணம்.”

“வெடிச்சுக் கெடக்கு சார்.”

“அது சாரமில்ல, பரவால்ல. எனக்குப் பழைய சுவருதான் வரைக்கணும்.”

அத்தனையும் வாங்கிப் போய்விட்டார். அப்போதும் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. “அவசரப்படுத்திட்டேன் தங்கச்சி. அதுக்குக் காய நேரமே குடுக்கல” என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, படத்தின் முன்பக்கத்தை ஏன் பார்க்க மாட்டார்? அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு ஜவுளிக்கடைக்காரர், அண்ணனிடம் துணி வாங்கித் தன் மனைவியை ஆசையாக வரைந்து, வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் நன்றாகப் பார்த்துவிட்டு, “உங்க மாமியார அச்சு அசலா எறக்கிட்டீக முதலாளி” என்றார். மனைவி காபித் தட்டோடு பின்னாலேயே நின்றிருந்தார். அந்த வீட்டில் கொஞ்ச காலம் யாரும் யாரோடும் பேசவில்லை. முதலாளி இன்றுவரை அண்ணனோடு பேசவில்லை.

“எனக்குப் பொய் சொல்ல வராது தங்கச்சி. முன்னாடி பாத்தா வாய் தானா உண்மையச் சொல்லிருது. பின்னாடி பாத்தா அந்தத் தொல்லையே இல்ல. ஆணி நேரா இருக்கா, மூலை மடிப்பு சரியா இருக்கா, சோலி முடிஞ்சது.”

அன்று முதல், தன் துணியில் யார் வரைந்தாலும், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பின்பக்கம் பார்த்து, தொய்ந்திருந்தால் மூலையில் உள்ள மர ஆப்பை லேசாகத் தட்டி இறுக்கிவிட்டு, முன்பக்கம் கண் போகாமல் திரும்பி வருவார். நடிகர் படமோ, நாட்டுத் தலைவர் படமோ, அவருக்கு எல்லாமே ஆணியும் மடிப்பும்தான்.

இந்த மனிதரிடம்தான் தனம் சிஸ்டர் வந்து சேர்ந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. ஒரே மகன் கோயம்புத்தூரில். என்னிடம் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தவர், பக்கத்துக் கடையில் அண்ணன் துணி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

“எங்க டாக்டரு ஒருத்தருகூட இம்புட்டு அழகா மாவுக்கட்டு போட்டதில்ல. இதுல ஒண்ணு எனக்குக் குடுங்க மேஸ்திரி.”

“வரைவீகளா சிஸ்டரு?”

“தெரியாது. இதப் பாத்தா வரையணும்போல இருக்கு.”

அண்ணனின் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருடைய துணியைப் பார்த்துத் துணிக்காகவே ஆசைப்பட்டு வந்தவர் அதுவரை யாருமில்லை.

சிஸ்டர் வரைய ஆரம்பித்தார். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. போனில் பார்த்தார், கெடுத்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார். அண்ணன் முறைப்படி போய்ப் பின்பக்கம் பார்ப்பார். ஆப்பைத் தட்டுவார். “நல்லாருக்கு” என்பார்.

“எது?”

“துணி.”

சிஸ்டர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். இரண்டு வருசமாக இதே கதை.

ஒருநாள் சிஸ்டர் என் தையல் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மகன் கோயம்புத்தூருக்கே வந்துவிடச் சொல்கிறான் என்றார். மூன்றாவது மாடி, சின்ன வீடு, பேரப்பிள்ளை கை வைக்கிற வயசு. அங்கே போனால் வரைவதற்கு இடமில்லை.

“போகணும்னு இருக்கா சிஸ்டர்?”

“இங்கன இருந்து வரையணும்னுதான் இருக்கு. ஆனா நான் வரையறது படமா, இல்ல பொழுது போகாத கெழவி கிறுக்கறதான்னு தெரியணும்ல வாசுகி? அத்தன பேரும் சூப்பருங்கிறாக. ஊசி போட்டதும் வலிக்கவே இல்லன்னு சொல்ற மொகரைய எத்தன வருசம் பாத்திருக்கேன். அதே மொகரைய வச்சுக்கிட்டுத்தான் படம் நல்லாருக்குன்னு சொல்றாக. பொய் சொல்ல வராத ஆளு ஒருத்தருதான். அவரு முன்னாடி வந்து நின்னு பாத்து, இது படந்தான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் எங்கயும் போகல. பாக்கவே மாட்டேன்னா, சட்டத்தையெல்லாம் கழட்டி அவரு கடையிலயே போட்டுட்டுக் கெளம்புறேன்.”

நான் அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். அவர் உப்புத்தாளால் ஒரு துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்து நல்லா இல்லேன்னா?”

“இல்லன்னு சொல்லுங்க. அவுக அதத்தான் கேக்காக.”

“சொன்னதுக்கப்புறம் சிஸ்டரு இந்தப் பக்கம் வருவாகளா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த இடத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். 

தேனிக் கண்காட்சி பற்றிய செய்தி அப்போதுதான் வந்தது. சிஸ்டர் ஒரு படம் கொடுத்தார். யாருக்கும், எனக்கும்கூட, காட்டவில்லை. கண்காட்சிக்கு முதல் நாள் வரை வரைந்துகொண்டே இருந்தார். கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டாண்டில் படத்தை வைத்து, முன்பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவிட்டார். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது பின்பக்கம் மட்டும். சட்டம், ஆணி, மடிப்பு.

“மத்த படத்த முதுகு பாக்கத் திருப்புற ஆளு, இதத் திருப்புனா முகந்தான வரும்” என்றார் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த மூளை. எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று குழம்பினார்கள். “திருப்பி வச்சிட்டாக போல” என்றார் ஒருவர். “நீ சும்மாரு, இதுதான் மாடர்ன் ஆர்ட்டு” என்று அவர் மனைவி போனில் படமெடுத்துக்கொண்டார்.

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். பையனிடம் முதுகு பற்றி வியாக்கியானம் சொல்லிவிட்டு, அந்தப் படத்தின் பின்னாலிருந்து தலையை எடுத்த அண்ணன், நேராக மூலை ஸ்டாண்டுக்கு வந்தார். நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா. ஒருத்தருக்காவது படத்த எப்பிடி வைக்கணும்னு தெரிஞ்சிருக்கே.”

கையைக் கட்டிக்கொண்டு ரசிக்க ஆரம்பித்தார். திருப்பவில்லை. திருப்ப வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பார்க்க வேண்டியது பார்வைக்கு நேராகவே இருந்தது. இந்த ஓட்டை எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவே இல்லை.

“போச்சு” என்றார் சிஸ்டர் தூணுக்குப் பின்னாலிருந்து. “இப்பிடியே கும்பிட்டுட்டுப் போயிருவாரு.”

அண்ணன் நடுவிரலால் தட்டினார். பொத். வெளியே காலையிலிருந்தே தூறல். சட்டைப் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, நாலு மூலை ஆப்பையும் பூ மாதிரி தட்டினார். மறுபடி விரல். தொம். பிறகு, மூலை மடிப்பில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, எப்போதும் செய்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மட்டும் முன்பக்கம் விட்டுத் தடவினார்.

கையை வெளியே எடுத்தபோது கட்டைவிரல் பச்சையாக இருந்தது.

ஊருக்கே காயட்டும் காயட்டும் என்று சொன்ன மனிதர், காயாத ஒன்றில் விரலை வைத்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. “காயல... காயல...” என்று பதறிக்கொண்டே, என்ன கெடுத்தோம் என்று பார்க்கப் படத்தை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினார்.

படத்தில் ஒரு ஆள் முதுகு காட்டி நின்றிருந்தார். கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. வெள்ளைத் துணி ஒன்றின் மேல் காதைச் சாய்த்து, தட்டுவதற்காக ஒரு விரலைத் தூக்கியிருந்தார். அப்பால் ஜன்னல். ஜன்னலில் பச்சை மலை, மலைமேல் சாரல். மலையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை புதிதாக விழுந்திருந்தது. சட்டையின் தோள்பட்டையில் நான் போட்ட ஒட்டுத் தையல்கூட இருந்தது. 

அண்ணனுக்குத்தான் ஆளைத் தெரியவில்லை. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்?

“இது யாரு தங்கச்சி? சட்ட எஞ்சட்ட மாதிரி இருக்கு.”

“முதுக யாரு பாக்கான்னு கேட்டீகளே மேஸ்திரி” என்று சொல்லிக்கொண்டே தூணுக்குப் பின்னாலிருந்து சிஸ்டர் வந்தார். “ரெண்டு வருசமா நாந்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சொல்லுங்க, எப்பிடி இருக்கு? பொய் வேணாம்.”

அண்ணன் படத்தை ஸ்டாண்டில் முன்பக்கம் தெரியும்படி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.  ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் காபித் தட்டு என் கண்ணில் வந்து போனது.

“காது பெருசு” என்றார்.

“பெருசுதான். அத வச்சுத்தான துணி பேசுறதக் கேக்குறீக. மத்தது?”

“மத்தது...” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மத்தது படந்தான் சிஸ்டரு.”

சிஸ்டர் கயிறாகத் திரித்த முந்தானையை மெல்ல மெல்லப் பிரித்துவிட்டுக்கொண்டார். “அப்ப மகனுக்கு என்ன பதில் சொல்ல?” என்றார்.

“காயட்டும்.”

“எத்தன நாளாகும்?”

“ஆயில் பெயின்டு. அதுலயும் நம்ம ஊருச் சாரலு.” அண்ணன் பச்சைக் கட்டைவிரலைப் பார்த்தார். “வருசக்கணக்காகும்.”

அப்படிச் சொல்லிவிட்டு, பந்திக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, படத்துக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து, தன் துண்டால் அதைத் துடைத்து, பக்கத்தில் போட்டார்.